எங்கள் ஊர்ச் சோறு உண்ணாத அதிபர்

எங்கள் ஊரில் ஒருவரைப் பிடித்துப்போனால் சோறு போடுவோம். பிடிக்காவிட்டால் ஆளை மாற்றச் சொல்லி மேலிடத்துக்குப் பெட்டிசம் போடுவோம். இரண்டுக்கும் நடுவில் ஒரு மனிதரை என்ன செய்வதென்று எங்களுக்குத் தெரியாது. அப்படி நடுவில் நின்றே ஏழெட்டு வருசம் எங்கள் பள்ளிக்கூடத்தை நடத்திவிட்டுப் போனார் ஒருவர். அவருக்கு முன்னும் பின்னும் வந்தவர்களையெல்லாம் நாங்கள் பெயர் சொல்லித்தான் சொல்வோம். வெறுமனே ‘அதிபர் சேர்’ என்றால் இன்றைக்கும் அவர் ஒருவர்தான்.

கல்முனையிலிருந்து தெற்கே போகிற பெரிய ரோடு எங்கள் ஊரை இரண்டாக வகிர்ந்துகொண்டு போகிறது. கிழக்கே கடற்கரைப் பக்கம். கரைவலையும் தோணியும் வியாபாரமும் அவர்களுடையவை. மேற்கே வயல் பக்கம், நாங்கள் அங்கே. இரண்டு பக்கத்துக்கும் தனித்தனிப் பள்ளிவாசல், தனித்தனி ரோசம். பள்ளிக்கூடம் மட்டும் ஒன்று, ரோட்டோரமாக நடுவில் கிடந்தது. புதிதாக ஒரு அதிபர் பஸ்ஸை விட்டு இறங்கினால் போதும், முந்திக்கொண்ட பக்கம் அவரைக் கூட்டிப்போய்ச் சஹனில் இருத்திவிடும். பெரிய வட்டத் தட்டில் சோற்றைக் கொட்டி, கறிகளை வைத்து, ஆறு பேர் சுற்றியிருந்து ஒரே தட்டில் கைவைத்து உண்பதுதான் சஹன். ஒரு சஹனில் கைவைத்தவர்கள் ஒருவரை ஒருவர் விட்டுக்கொடுக்கக்கூடாது என்பது எழுதாத சட்டம். ஆகவே மறுநாள் விடியும்போது புது அதிபர் ஒரு பக்கத்து ஆளாகியிருப்பார். மற்றப் பக்கம் பெட்டிசம் எழுத உட்காரும். நான் படித்த காலத்தில் கரும்பலகையை மாற்றியதைவிட அதிபரை மாற்றியதுதான் அதிகம். பல்கலைக்கழகத்துக்குப் போக வழியான ஏ.எல். வகுப்பு தொடங்குவார்கள், மூடுவார்கள். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் வெளியூருக்குப் படிக்கப் போனார்கள். மற்றவர்கள் கடலுக்கும் வயலுக்கும் போனார்கள். பெண்பிள்ளைகள் அடுப்படிக்குப் போனார்கள்.

சூறாவளி அடித்துப் போட்ட அடுத்த வருசம் அவர் வந்தார். பள்ளிக்கூடத்துக்குக் கூரை இல்லை. கிடுகுக் கொட்டிலில்தான் வகுப்பு. எனக்கும் அந்த மாதந்தான் டீச்சராக முதல் நியமனம். ஆறாம் வகுப்பை என்னிடம் தந்தார்கள். மெலிந்த மனிதர், வெள்ளைச் சாரன், முழுக்கைச் சட்டை, கையில் ஒரு குடை. முதல் கூட்டத்தில் நின்றுகொண்டே பேசினார்.

“நான் பொத்துவில் பக்கத்து ஆள். உங்கட ஊரில எனக்குச் சொந்தமும் இல்ல, பகையும் இல்ல. இந்த வருசம் ஆறாம் வகுப்புக்கு வந்திரிக்கிற புள்ளைகள் ஏ.எல். சோதனை எழுதி முடிக்கிறவரைக்கும் நான் இந்தக் கதிரையில இரிக்கோணும். அது ஒண்டுதான் என்ட ஆசை. அதுக்காக ஒரு உதவி கேக்கிறன். என்ன ஒருத்தரும் சாப்பாட்டுக்குக் கூப்பிட வேணாம்.”

பின்னால் இருந்த கணக்கு மாஸ்டர்தான் கேட்டார்.

“ஒரு தேத்தண்ணியும் கூடாதா சேர்?”

“தண்ணி குடிப்பன்” என்றார். “பள்ளிக்கூடத்துக் கிணத்துத் தண்ணி.”

செய்தி மத்தியானத்துக்குள் இரண்டு பக்கத்துக்கும் போய்விட்டது. ஒருவரும் நம்பவில்லை. ஒரு மாதம் தாங்கமாட்டார் என்று சந்தைக் கடைகளில் பந்தயம் கட்டாத குறை. அவர் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறைக் குவாட்டஸில் மண்ணெண்ணெய் அடுப்பில் தானே சமைத்துத் தின்றார். எங்கள் வீட்டு வளவுக்கும் அந்தக் குவாட்டஸுக்கும் ஒரே மதில். அவர் கருவாடு பொரித்தால் எங்களுக்குத் தெரியும். பெரும்பாலும் அதுதான் பொரித்தார்.

குடும்பத்தைக் கூட்டி வரலாமே என்று ஒருநாள் கேட்டேன். மனைவியும் இரண்டு மக்களும் ஊரில் இருந்தார்கள்.

“அவ வந்தா உங்கட பொம்புளைகள் பாக்க வருவாங்க டீச்சர். பொம்புளைகள் வந்தாச் சோத்துப் பீங்கானும் சேர்ந்து வரும்” என்று சொல்லிச் சிரித்தார். சிரித்தாரே தவிர, அது அவருக்கு விளையாட்டாக இருக்கவில்லை. மாதம் ஒருமுறை பஸ் ஏறிப் போவார். திரும்பி வந்த அன்றைக்கு யாரோடும் அதிகம் பேசமாட்டார்.

அவர் பள்ளிக்கூடம் நடத்திய விதத்தைச் சொன்னால் இந்தக் காலத்து அதிபர்மார் நம்பமாட்டார்கள். கட்டடம் எழும்பி அதிபருக்கென்று ஒரு அறை கிடைத்ததும் அவர் செய்த முதல் வேலை, அதிலிருந்து மேசையை வெளியே எடுத்ததுதான். விறாந்தையில், எட்டாம் வகுப்பின் வாசலுக்கு நேரே போட்டுக்கொண்டார். அறையில் விளையாட்டுச் சாமான்களை அடுக்கினார். அவரிடம் ரகசியம் பேச ஊரில் ஓரிடமும் இல்லாமல் போயிற்று. கரைவலை முதலாளி ஒருநாள் வந்தார், கடற்கரைப் பள்ளிவாசலின் தலைவர். மகன் சோதனையில் விழுந்திருந்தான். எப்படியாவது மேல்வகுப்புக்கு ஏற்றவேண்டும். குனிந்து அதிபரின் காதுக்குள் எதையோ சொன்னார்.

“முதலாளி, கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க” என்றார் இவர். “எட்டாம் வகுப்புப் புள்ளைகளுக்கும் கேக்கட்டும். நாளைக்கு அவங்கட வாப்பாமாரும் இதுக்குத்தானே வருவாங்க. எல்லாருக்குமா ஒரே பதிலச் சொல்லிரலாம்.”

முதலாளி நிமிர்ந்தார். நாற்பது பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள்.

“இல்ல சேர்... மத்தக் கட்டடத்துக்குக் கூரைத் தகரம் எப்ப வருதெண்டு கேட்டுப்போக வந்த நான்.”

“வந்ததும் சொல்லியனுப்புறன்” என்றார் அதிபர், அவ்வளவு மரியாதையாக. எங்கள் பக்கத்துக்காரர்கள் இந்தக் கதையை ஒரு மாதம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். பிறகு எங்கள் பக்கத்துப் பள்ளிவாசலின் தலைவரான என் வாப்பா இதே மாதிரி ஒரு காரியத்துக்குப் போய் இதே மாதிரித் திரும்பி வந்தார். அதோடு எங்கள் பக்கத்துச் சிரிப்பும் நின்றது.

பெருநாளைக்குத்தான் அவர் மாட்டிக்கொண்டார். பெருநாள் விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர், ஒரு வருசம் சோதனை வேலை கிடந்து அன்று பின்னேரம்வரை நின்றுவிட்டார். நல்ல நாளில் வருகிற பண்டத்தை வேண்டாமென்று சொல்லமுடியாது. வந்த பீங்கானை வெறுமையாகத் திருப்பி அனுப்புவதும் எங்களில் வழக்கமில்லை. கடற்கரைப் பக்கத்திலிருந்து, முட்டையும் சர்க்கரையும் சேர்த்து அவித்த வட்டிலப்பம் வந்தது. அவர் அதை வாங்கி, மூடியைக்கூடத் திறக்காமல், எங்கள் பக்கத்தில் பீங்கான் அனுப்பியிருந்த வீட்டுக்கு அனுப்பினார். எங்களுடையது அவர்களுக்குப் போனது. பின்னேர அஸர் தொழுகைக்குள் ஊரிலிருந்த வட்டிலப்பமெல்லாம் ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டது. எங்கள் உம்மா மூடியைத் திறந்து ஒரு கிள்ளுக் கிள்ளி வாயில் போட்டுப் பார்த்தா.

“இது நம்மட பக்கத்துக் கைப்பக்குவம் இல்லகா புள்ள. சாதிக்காய் போட்டிரிக்கி. கடற்கரையாக்கள்தான் இப்பிடிப் போடுவாங்க.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “நல்லாத்தான் இரிக்கி” என்றா.

நோன்பு மாதத்தில் அவரைப் பார்க்கத்தான் எனக்கு மனம் பொறுக்காது. வெள்ளிக்கிழமைகளில் ஒரு ஜும்ஆவுக்கு இந்தப் பள்ளிவாசல், அடுத்த ஜும்ஆவுக்கு அந்தப் பள்ளிவாசல் என்று மாறி மாறிப் போய்விடுவார். நோன்பு திறக்க அப்படி முடியவில்லை. எந்தப் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சிக்கு இருந்தாலும் பக்கத்தில் ஒருவர் இருப்பார், அவர் நாளைக்கு ஏதாவது கேட்டு விறாந்தைக்கு வருவார். ஆகவே குவாட்டஸின் கிணற்றுக் கட்டில் தனியே உட்கார்ந்திருப்பார். கையில் ஒரு பேரீச்சம்பழம், பக்கத்தில் ஒரு கிளாஸ் தண்ணீர். எங்கள் குசினிக் கதவால் பார்த்தால் தெரியும். இரண்டு பள்ளியும் ஒரே நேரத்தில் பாங்கு சொல்வதில்லை. ஒன்று முந்தும், ஒன்று பிந்தும். முதல் பாங்கு கேட்கும். அவர் அசையமாட்டார். இரண்டாவது பாங்கும் தொடங்கிய பிறகுதான் பழம் வாய்க்குப் போகும்.

நோன்பு திறக்கப் பிந்தக்கூடாதே என்று நான் உம்மாவிடம் சொன்னேன்.

“அல்லா பொறுப்பான்” என்றா உம்மா. “தனியாளா நோன்பு திறக்கிற மனிசன். ஆரிட பாங்குக்குத் திறந்தாத்தான் என்ன.” அன்றைக்குக் கஞ்சி குடிக்கும்போது உம்மா மதில் பக்கம் திரும்பாமலே இருந்தா.

ஒருமுறை அவருக்குக் காய்ச்சல் வந்து படுத்துவிட்டார். இரண்டு பக்கத்துப் பெண்களும் போட்டிக்குக் கஞ்சி காய்ச்சினார்கள். ஒரு சட்டியும் உள்ளே போகவில்லை. கொத்தமல்லி அவித்த தண்ணீரோடு கிடந்தார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. உம்மா தந்த கஞ்சிக் கோப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு குவாட்டஸ் வாசலில் போய் நின்றேன்.

“சேர், காய்ச்சலுக்குப் பக்கம் இல்ல.”

அவர் பாயிலிருந்து எழும்பிச் சுவரில் சாய்ந்தார். கண் சிவந்திருந்தது.

“காய்ச்சல் போயிரும் டீச்சர். கஞ்சிதான் போகாது. எனக்கு நினைவில நிண்டிரும்.”

“நிண்டா என்ன சேர்?”

“நாளைக்கு உங்கட வாப்பா விறாந்தைக்கு வந்து ஒண்டு கேட்டா, எனக்கு அந்தக் கஞ்சிதான் முன்னால வந்து நிக்கும். உங்கட வகுப்புப் புள்ளைகள் இப்ப ஒம்பதாம் வகுப்பு. ஏ.எல்.லுக்கு இன்னும் கிடக்கு.”

நான் கஞ்சியைக் கொண்டு திரும்பினேன். வருகிற வழியில் அழுகை வந்தது. அவர்மேல் கோபமா, இரக்கமா, எங்கள் ஊரின்மேல் வெட்கமா என்று இன்றைக்கும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

ஆனால் அவருக்குச் சோற்றில் ஆசையில்லை என்று மட்டும் யாரும் சொல்லக்கூடாது. ஒருநாள் பாடக்குறிப்பில் கையெழுத்து வைத்துக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

“நேத்து உங்கட வீட்ட சுங்கான் கருவாட்டுக்கு மாங்காய் போட்டு ஆக்கினயளா?”

“ஓம் சேர்.”

“முந்தின கிழமை போட்டது நல்ல புளி மாங்காய். நேத்தையது கொஞ்சம் பழுத்திட்டுது போல.”

பழுத்துத்தான் இருந்தது. மதிலுக்கு அப்பாலிருந்து, வாசத்தில் கண்டுபிடித்திருக்கிறார். வீட்டுக்கு வந்து சொன்னதும் உம்மா சிரித்தா. பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கறிக்குப் புது மாங்காய் தேடினா. அன்றிலிருந்து அந்தக் கறி ஆக்குகிற நாளில் மதிலோரத்து அடுப்பில்தான் சட்டியை வைப்பா. காற்று அந்தப் பக்கம் போகட்டுமென்று.

என் கலியாணத்துக்கு அவரைக் கூப்பிட்டோம். வந்தார். மாப்பிள்ளைக்குக் கைகொடுத்தார், துஆக் கேட்டார், ஒரு மேசை விளக்கைப் பரிசாகத் தந்தார். பந்தலுக்குள் சஹன்கள் வரத் தொடங்கியதும் குடையை எடுத்துக்கொண்டு எழும்பிவிட்டார். வாப்பா ரோட்டுவரை பின்னால் போனார்.

“சேர், என்ட மூத்த மகள்ர கலியாணம். ஒரு பிடி சோறு.”

“மன்னிச்சிக்கங்க ஹாஜியார்.”

“நம்மட சோத்துல நஞ்சா கிடக்கு?”

அவர் குடையை விரித்துக்கொண்டு நடந்தார். ஊரே பார்த்தது. வாப்பாவுக்கு அது பெரிய அடி. அந்தக் கோபத்தில் அவர் செய்த காரியத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வரும். நேரே கடற்கரைப் பக்கம் போனார், கரைவலை முதலாளி வீட்டுக்கு. அந்த வாசலை அவர் மிதித்துப் பத்துப் பதினைந்து வருசம் இருக்கும். முதலாளிக்கும் ஒரு மனக்குறை இருந்தது, அவருடைய வீட்டில் குர்ஆன் ஓதிச் சோறு போட்ட கத்தத்தில் இதே கதை. இரண்டு பேரும் ஒரு வாங்கில் உட்கார்ந்து, ஒரே பெட்டிசத்தில் கையெழுத்து வைத்து, ஒரே காரில் ஏறிக் கல்விக் கந்தோருக்குப் போனார்கள்.

கந்தோரில் இருந்த பெரிய அதிகாரி வாசித்துவிட்டு, “அதிபர் காசு எடுத்தாரா?” என்று கேட்டாராம்.

“இல்ல.”

“வேலைக்கு வாறதில்லையா?”

“அவர் வராத நாளே இல்ல.”

“அப்ப என்னதான் குற்றம்?”

வாப்பாவும் முதலாளியும் ஒருவரை ஒருவர் பார்த்திருக்கிறார்கள். “எங்கட வீட்ட சாப்பிடுறார் இல்ல” என்று முதலாளி சொன்னாராம்.

அதிகாரி பெட்டிசத்தை மடித்து வாப்பாவின் கையிலேயே தந்து, இரண்டு பேருக்கும் பிளேன்டீ வரவழைத்துக் கொடுத்து அனுப்பினார். வருகிற வழியில் கல்முனையில் ஒரு கடையில் இரண்டு பேரும் சேர்ந்து பராட்டா தின்றார்கள் என்பது கார் ஓட்டியவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். அதிபரிடம் யாரோ போய்ச் சொன்னார்கள். “ரெண்டு பேருமா? ஒரே கார்லயா?” என்று இரண்டுதரம் கேட்டாராம். அன்றைக்கு அவர் மிகவும் சந்தோசமாக இருந்தார். அந்தச் சந்தோசத்தையும் சொல்லிக்கொள்ள அவருக்கு ஆளில்லை. பின்னேரம் தனியே நின்று கிணற்றடிச் செவ்வரத்தைச் செடிக்குத் தண்ணீர் இறைத்தார்.

என்னிடம் ஆறாம் வகுப்பில் இருந்த பிள்ளைகள் ஏ.எல். எழுதினார்கள். சிலர் பல்கலைக்கழகத்துக்குப் போனார்கள். அதில் முதலாளியின் மகளும் ஒருத்தி. எங்கள் வயலில் கூலிக்கு வந்தவரின் மகனும் ஒருவன். பெறுபேறு வந்த கையோடு அதிபருக்குப் பென்சனும் வந்தது. அவர் நினைத்த இடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டார். விறாந்தை மேசையைத் தூக்கித் திரும்ப அறைக்குள் போட்டார். பிறகு வாப்பாவையும் முதலாளியையும் கூப்பிட்டு, இப்போது தான் இந்தப் பள்ளிக்கூடத்து அதிபர் இல்லை என்றும், போகும் முன் ஒருதரம் எல்லோரோடும் இருந்து சாப்பிட ஆசை என்றும் சொன்னார்.

ஊர் கிளம்பிவிட்டது. எங்கள் பக்கத்து அரிசி, அவர்கள் பக்கத்து மீன், இரண்டு பக்கமும் சேர்ந்து வாங்கிய மாடு. பள்ளிக்கூட மண்டபத்தில் பாய் விரித்தார்கள். பெண்களுக்குப் பக்கத்து வகுப்பறை. நடுவில் மறைப்பாகப் படங்குச் சீலை கட்டியிருந்தது. உம்மா விடியவே எழும்பிச் சுங்கான் கருவாட்டுக்கு நல்ல புளி மாங்காய் போட்டு ஆக்கி, ஒரு கோப்பையில் எடுத்து வந்து, “இத அவர்ர சஹன்ல வைக்கச் சொல்லு” என்று என்னிடம் தந்தா. வைப்பித்தேன்.

படங்கின் கிழிசலால் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆட்கள் ஆறு ஆறு பேராக இருக்கத் தொடங்கினார்கள். வாப்பாவும் முதலாளியும் ஒரே சஹனில் முழங்கால் முட்ட இருந்தார்கள். கடற்கரையும் வயலும் கலந்துபோய் இருந்தன. அதிபர் வந்து நடுப்பாயில் இருந்தார். அவருக்கு முன்னால் சஹனை வைத்து மூடியைத் திறந்தார்கள். கைகழுவத் தண்ணீர் வார்த்தார்கள். அவர் கழுவிய கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு சுற்றிப் பார்த்தார்.

ஒருவரும் வரவில்லை. வெறுப்பில் இல்லை, அல்லாஹ் அறிய ஒருவருக்கும் அவர்மேல் வெறுப்பில்லை. கணக்கு மாஸ்டர் இரண்டு எட்டு வைத்துவிட்டுக் கூச்சப்பட்டு வேறு சஹனுக்குப் போனார். வாலிபர்கள் பெரியவர்கள் இருக்கட்டுமென்று நின்றார்கள். பெரியவர்கள், தாங்கள் முந்தினால் மற்றப் பக்கம் என்ன நினைக்கும் என்று நின்றார்கள். அவர் பக்கத்தில் யாரும் இருப்பது அவருக்குப் பிடிக்காது என்று ஏழெட்டு வருசமாக எல்லோரும் பழகியிருந்தார்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே மற்றச் சஹன்களெல்லாம் நிறைந்துவிட்டன. நிறைந்த சஹனிலிருந்து எழும்பினால் அந்த ஐந்து பேரை அவமதித்தது ஆகும். தலைமை விருந்தாளி பிஸ்மி சொல்லாமல் யாரும் சோற்றில் கைவைக்கவும் முடியாது. மண்டபம் முழுவதும் அவருக்காகக் காத்திருந்தது. அவர் ஐந்து பேருக்காகக் காத்திருந்தார்.

அவரோடு போய் இருக்கச் சொல்லி அனுப்புவதற்கு எனக்கும் ஆளில்லை; என் கணவர் அப்போது சவூதியில் இருந்தார். வாப்பாவைப் பார்த்தேன். வாப்பா தலையைக் குனிந்திருந்தார்.

அவருடைய கையில் ஈரம் காய்ந்துபோயிருக்கும். ஒருதரம் வாசலைப் பார்த்தார். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி, “பிஸ்மில்லாஹ்” என்று சொல்லிச் சோற்றில் கைவைத்தார்.

பின்னேர பஸ்ஸுக்கு அவரை அனுப்ப ரோடு நிறைந்த சனம். இரண்டு பள்ளிவாசல் தலைவர்களும் ஆளுக்கொரு பக்கமாக அவருடைய பெட்டியைப் பிடித்துக்கொண்டு போனார்கள். நாங்கள் பெண்கள் உள்ளே நின்றோம். ஆண்கள் உண்ட சஹன்களை எடுத்து வந்து வைத்தார்கள். அவருடையதும் வந்தது. எல்லோரும் அதைத்தான் பார்த்தோம்.

சஹனில் அவரவர் தனக்கு முன்னால் உள்ளதைத்தான் எடுக்கவேண்டும், மற்றவரின் பக்கத்துக்குக் கை போகக்கூடாது. அவர் தனக்கு முன்னால் இருந்த ஆறில் ஒரு பங்கை மட்டும் உண்டிருந்தார். அந்த இடம் ஒரு பருக்கையும் இல்லாமல் துடைத்த மாதிரி இருந்தது. வராத ஐந்து பேரின் பங்கும், மேலே வைத்த இறைச்சியோடு, கை படாமல் அப்படியே கிடந்தது. உம்மாவின் கோப்பை மட்டும் முழுக்க வெறுமையாக இருந்தது. மாங்காய்க் கொட்டையைக்கூடச் சூப்பி வைத்திருந்தார்.

உம்மா கோப்பையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தா.

ரோட்டில் பஸ் ஹோன் அடித்தது. நான் போய் அவருடைய சஹனுக்கு முன்னால் பாயில் இருந்தேன். உம்மா என் பக்கத்தில் இருந்தா. முதலாளியின் பெண்சாதி வந்து இருந்தா, இன்னும் இரண்டு டீச்சர்மார் வந்தார்கள். அந்தச் சஹனில் நாங்கள் ஐந்து பேர். அவர் இருந்த பக்கத்தில் ஒருவரும் இருக்கவில்லை. இடம் போதாமல் நெருக்கிக்கொண்டுதான் இருந்தோம். ஆனாலும் அந்த இடத்தை விட்டுவிட்டு பிஸ்மி சொல்லிச் சாப்பிடத் தொடங்கினோம்.